கார் லோனும் எதிர் வீட்டு அத்தையும்

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த நாலைந்து வருஷங்களில் எங்கள் விருத்தாசலத்தில் கடன் என்ற சொல் மெல்ல ஒதுங்கிக்கொண்டது. அந்த இடத்தில் லோன் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தது. கடன் வாங்குகிறவர் தலையைக் குனிந்துகொண்டு போவார். லோன் அப்படி இல்லை. டை கட்டிக்கொண்டு அதுவே நம்மைத் தேடி வரும், ‘மேடம், ஒரு அஞ்சு நிமிஷம்’ என்று கேட்கும்.

அதற்கு முன்பு வண்டிக்குக் கடன் என்றால் கடைவீதி மாடியில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் பைனான்ஸ்காரர்தான். பீங்கான் பட்டறைகளுக்கு மண் அடிக்கிற டெம்போக்களில் பாதி அவர் தயவில் ஓடின. தவணை தள்ளிப்போனால் இரண்டு ஆட்கள் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் வீட்டு உபயோகத்துக்குக் கடனில் கார் வாங்குவதைப் பற்றி எங்கள் தெருவில் யாரும் யோசித்ததே இல்லை. பிறகு ஒருநாள் பஸ் ஸ்டாண்டு பக்கம் பந்தல் போட்டார்கள். பலூன் கட்டினார்கள். நடுவில் ஒரு புதுக் காரை நிறுத்தி அதற்கு ரிப்பன் சுற்றினார்கள். சம்பளச் சான்று, பேங்க் கணக்கு, கையெழுத்துப் போட்ட செக்குகள், இவ்வளவு இருந்தால் கார் உங்களுடையது என்று மைக்கில் சொன்னார்கள். காய்கறிப் பையோடு நின்று அதைக் கேட்ட கூட்டத்தில் நானும் இருந்தேன்.

எனக்குக் கார் ஆசை வந்ததற்குக் காரணம் சேத்தியாத்தோப்பு பஸ். அந்தப் பக்கம் ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் நான் கம்ப்யூட்டர் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கல்லூரிக்குச் சொந்த பஸ் உண்டு. ஆனால் அது வகுப்பு முடிந்ததும் கிளம்பிவிடும். சின்ன வயது விரிவுரையாளர் என்பதால் சாயங்கால லேப் எல்லாம் என் தலையில்தான் விழும். லேபைப் பூட்டிவிட்டு வெளியே வந்தால் பஸ் போன புழுதிகூட அடங்கியிருக்கும். அப்புறம் கூட்டுரோட்டில் நின்று, வருகிற பஸ்ஸில் தொற்றிக்கொண்டு வீடு சேரும்போது தெருவிளக்கு எரிய ஆரம்பித்திருக்கும். அம்மா வாசலில் நிற்பாள். ஒன்றும் சொல்லமாட்டாள். சொல்லாமல் நிற்பதுதான் தொந்தரவு.

ஒருநாள் சொல்லிவிட்டாள். இந்தக் கல்வியாண்டு முடியட்டும், அதோடு வேலையை விட்டுவிடு, இருட்டில் பஸ்ஸுக்கு நிற்கிற பிழைப்பு நமக்கு வேண்டாம் என்றாள். அப்பாவும் தலையாட்டினார். எனக்கு அந்த வேலை உயிர். சொன்னால் மிகையாகத் தெரியும், ஆனால் அப்படித்தான். ஸ்கூலில் கணக்குக்குப் பயந்த பையன்கள் என் லேபில் முதல் புரோகிராம் ஓடும்போது திரையைப் பார்த்துச் சிரிப்பார்கள், அதற்காகவே போய்க்கொண்டிருந்தேன். நானே கார் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டால் இருட்டு என்ற பேச்சே எழாதே என்று கேட்டேன். அப்பா, கார் வந்தால் வேலைக்குப் போ, வராவிட்டால் நின்றுவிடு என்று முடித்தார். பேரம் நேர்மையாகத்தான் இருந்தது. அன்றைக்கே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன்.

அப்பாவுக்குச் சின்ன பீங்கான் பட்டறை. மீட்டர் பெட்டியில் செருகுகிற ஃபியூஸ் கட்டைகள் செய்வார். பணம் எப்போதும் சூளைக்குள்ளோ, சரக்கு வாங்கிய வியாபாரி கையிலோ மாட்டிக்கொண்டிருக்கும். ஆகவே லோன் என் பெயரில், என் சம்பளத்தை வைத்து. அவர் ஜாமீன் கையெழுத்து மட்டும் போடுவார். எனக்கு அதில் ஒரு பெருமையும் இருந்தது என்பதை மறைக்கவேண்டியதில்லை.

எங்கள் ஸ்டாஃப் ரூமுக்குச் சம்பளத் தேதியில் தவறாமல் ஒரு லோன் ஏஜெண்டு வருவார். மனிதர் வாயைத் திறந்தால் வட்டியே இல்லாத உலகம் ஒன்று கண்ணுக்குத் தெரியும். அவர் சொல்லித்தான் எனக்கு இன்னொரு வழியும் தெரிந்தது. பல பேர் லோனில் கார் எடுத்து அதைத் தாங்கள் ஓட்டுவதில்லை. ஏதாவது ஒரு கம்பெனிக்கோ ஆபீஸுக்கோ மாத வாடகைக்கு விட்டுவிடுகிறார்கள், வாடகை தவணையைக் கட்டிவிடும், கார் சும்மா கிடைத்த மாதிரி. எங்கள் பிரின்சிபால் வந்து இறங்குகிற காரே அப்படி யாரோ ஒரு மளிகைக்கடைக்காரருடையதுதான் என்றார். நீங்களும் காலேஜுக்கே வாடகைக்கு விடலாமே மேடம் என்று கேட்டார். அப்படியானால் நான் எதில் போவது என்று கேட்டேன். பஸ்ஸில்தான் என்று அவர் சிரிக்காமல் சொன்னார். வீட்டில் இதைச் சொன்னபோது அப்பா மட்டும் அதை ரொம்ப நேரம் யோசித்தார்.

விண்ணப்பம் கொடுத்தாயிற்று. என்ன கலர் என்பதில் வீட்டில் சண்டை நடந்தது. ஏஜெண்டு வெள்ளைதான் விற்கும்போது விலை போகும் என்றார். நாள் முழுக்க வெள்ளையைப் பார்த்துக் கண் பூத்துப்போய் வருகிறேன், வாசலிலும் வெள்ளையா என்று அப்பா அலுத்துக்கொண்டார். நான் சிவப்பு என்றேன். அம்மா, சிவப்பு வேண்டவே வேண்டாம், ஊரே திரும்பிப் பார்க்கும் என்றாள். ஊர் திரும்பிப் பார்க்கத்தானே வாங்குகிறேன் என்று வாய்வரை வந்ததை முழுங்கிக்கொண்டேன்.

பத்துப் பதினைந்து நாள் ஒரு தகவலும் இல்லை. அப்புறம் ஏஜெண்டு போன் செய்தார். குரலில் தேன் குறைந்திருந்தது. என் ஃபைல் திரும்பி வந்துவிட்டதாம். வெரிஃபிகேஷனுக்கு ஆள் போயிருக்கிறார், அக்கம்பக்கத்தில் விசாரித்திருக்கிறார், ரிப்போர்ட் சரியில்லையாம். அதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். அவர் இழுத்தார். நான் விடவில்லை.

“மேடம், நீங்க சீக்கிரமே வேலைய விடப்போறீங்களாம். எதிர் வூட்ல சொல்லியிருக்காங்க. சம்பளமே இல்லன்னா எதை வச்சி மேடம் லோன் குடுப்பாங்க?”

எனக்குக் கோபம் வந்தால் செருப்புப் போட மறந்துவிடும். வெறும் காலோடு தெருவைக் கடந்து எதிர் வீட்டுக்குப் போனேன். அங்கே இருந்தவர் எங்களுக்குச் சொந்தமில்லை. ஆனாலும் நான் பிறந்ததிலிருந்து அத்தை. அவருடைய வீட்டுக்காரர் ரயில்வேயில் இருந்தார், பாதி நாள் ட்யூட்டியில் போய்விடுவார். அதனால் தெருவுக்கு வருகிற புது ஆள் யாராக இருந்தாலும் அத்தைக்குத்தான் முதல் சொந்தம். அன்றைக்கு அவர் முறுக்கு பிழிந்துகொண்டிருந்தார். நான் கத்தியதை முழுசாகக் கேட்டார். அச்சில் இருந்த மாவைப் பிழிந்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

வந்த ஆளைப் பற்றி அவர் சொன்ன விவரம் இது. ஷூ போட்டிருந்தார், கையில் பை, வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு வீட்டு நம்பரைப் பார்த்தார். எங்கள் வீட்டைக் காட்டி, சொந்த வீடா வாடகையா என்றார். எத்தனை பேர் இருக்கிறார்கள், அப்பாவுக்கு என்ன தொழில், பொண்ணுக்கு என்ன வயது, எங்கே வேலை, எப்படிப்பட்ட குடும்பம் என்றெல்லாம் கேட்டார். இதெல்லாம் வேறு யார் வந்து கேட்பார்கள்? மாப்பிள்ளை வீட்டு ஆட்கள்தான் கேட்பார்கள். எங்கள் ஊரில் பொண்ணு பார்க்க வருவதற்கு முன்னால் இப்படி ஒருவர் வந்து தெருவில் நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போவது வழக்கம். அத்தை இருபது வருஷமாக எங்கள் தெருப் பொண்ணுகளுக்கு இந்த வேலையைச் செய்து வருகிறார். எந்தப் பொண்ணையும் அவர் இதுவரை விட்டுக்கொடுத்ததில்லை.

ஆகவே என்னையும் விட்டுக்கொடுக்கவில்லை. தங்கமான குடும்பம், பட்டறைக்கு ஆர்டர் கொட்டுகிறது, கடன் கிடன் என்று யாரிடமும் போய் நிற்கிற ஆட்களே இல்லை, கார் வேண்டுமென்றால் நாளைக்கே ரொக்கமாக வாங்குவார்கள் என்று சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் கார் லோன் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். பொண்ணு அதிர்ந்து பேசாது என்றும் அத்தை சொன்னாராம். கேட்டபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்படியே சிரித்துக்கொண்டே வீட்டுக்குத் திரும்பியிருப்பேன். ஆனால் வேலையை விடுகிற விஷயம் மட்டும் உறுத்தியது. அது எங்கிருந்து வந்தது என்று கேட்டேன்.

அத்தை முறுக்கைத் திருப்பிப்போட்டார். “அது நானா சொல்லல பாப்பா. உங்க அம்மா சொல்லச் சொன்னதத்தான் சொன்னேன். யாரு வந்து கேட்டாலும் கல்யாணம் ஆனா வேலைய விட்டுடும்னு சொல்லுங்கன்னு சொல்லியிருக்குது அண்ணி.”

தெருவைத் திரும்பிக் கடந்தபோதுதான் கால் சுட்டது.

அம்மா மறுக்கவில்லை. அதற்கு முன்பு வந்த வரன்கள் ரெண்டு மூன்று, பொண்ணு இருட்டின பிறகுதான் வீட்டுக்கு வரும் என்று தெரிந்ததும் சத்தமில்லாமல் விலகிப்போய்விட்டன. அதை என்னிடம் சொல்லாமல் மறைத்திருக்கிறாள். என்னிடம் கார் வரட்டும் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டே, தெருவிடம் வேலையை விடப்போகிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறாள். கார் வந்தாலும் கல்யாணம் வரைக்கும்தான் என் வேலை என்பது அவள் கணக்கு. எனக்குக் கோபம் வரவில்லை, அதுதான் ஆச்சரியம். அழுகை வந்தது. வீட்டுக்குள்ள ஒண்ணு, தெருவுல ஒண்ணா என்று கேட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

அந்த வாரம் முழுக்க எங்களுக்குள் சாப்பிடு, குளி என்பதற்கு மேல் பேச்சில்லை. அப்பா இரண்டு பக்கமும் சாய்ந்து பார்த்தார். இரண்டு பக்கமும் இடம் கிடைக்கவில்லை. பட்டறையில் வேலை அதிகம் என்று சொல்லிவிட்டுத் தப்பித்துக்கொண்டார். நான் பழையபடி பஸ்ஸில் தொங்கினேன். அம்மா பழையபடி வாசலில் நின்றாள். ஒரு வித்தியாசம், இப்போது அவள் முகத்தை நான் பார்க்காமல் உள்ளே போனேன். லோனைக்கூட மறந்துவிட்டேன் என்றுதான் சொல்லவேண்டும். வேலை கைவிட்டுப் போகப்போகிறது என்று மனசுக்குள் முடிவே கட்டிவிட்டேன். பையன்களுக்கு அந்த வருஷப் பாடத்தை அவசர அவசரமாக முடித்துக்கொண்டிருந்தேன்.

ஏஜெண்டு மட்டும் மறக்கவில்லை. அவருக்குக் கமிஷன் போகிறதல்லவா. கெஞ்சிக் கூத்தாடி மறுபடி ஒரு வெரிஃபிகேஷனுக்கு ஏற்பாடு செய்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே மனிதர், அதே ஷூ, அதே பை. நடு வயது, வெயிலில் கறுத்த முகம். இந்தத் தடவை நேராக எங்கள் வீட்டுக்கே வந்தார். ஜன்னல் வழியாக அவரைப் பார்த்துவிட்ட எதிர் வீட்டு அத்தை சட்டென்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் தன் வீட்டுக் கதவைப் பகலில் சாத்தி நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

அம்மா காபி கொடுத்தாள். வெரிஃபிகேஷனுக்குப் போகிற இடத்தில் எதுவும் சாப்பிடக்கூடாது என்பது ரூல் என்றார் அவர். தண்ணீர் குடிக்கலாமா என்று அம்மா கேட்டாள். அது குடிக்கலாமாம். என்னிடம் நாலு கேள்வி கேட்டார், அப்பாவிடம் பட்டறையைப் பற்றி ரெண்டு. பிறகு பேனாவை மூடாமலே அம்மா பக்கம் திரும்பினார். போன தடவை அக்கம்பக்கத்தில் ஒரு விஷயம் சொன்னார்கள், மேடம் வேலையில் தொடர்வார்களா என்று குடும்பத்தில் ஒருவர் சொன்னால் போதும் என்றார்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா என்ன சொல்வாள் என்று எனக்கு உண்மையிலேயே தெரியாது. ‘வேலையை விட்டுவிடுவாள்’ என்றால் கார் இல்லை, வேலையும் இல்லை, அவள் நினைத்தபடியே எல்லாம் முடிந்துவிடும். அவள் ஒரு பொய்யும் சொல்லவேண்டியதில்லை.

அம்மா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“வேலைய விடமாட்டா சார்,” என்றாள். “கல்யாணம் ஆனாலும் விடமாட்டா. போன தடவ நான்தான் தப்பா சொல்லச் சொல்லிட்டேன். இனிமே யாரு வந்து கேட்டாலும் இதத்தான் சொல்லுவோம். நீங்க எழுதிக்குங்க.”

அவர் எழுதிக்கொண்டார். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். ஒரு வாரமாக இல்லாத பசி எனக்கு அந்த நிமிஷம் எடுத்தது. அடுப்படியில் இருந்த இட்லியை நின்றுகொண்டே சாப்பிட்டேன். பின்னாலேயே வந்த அம்மா சட்னியை எடுத்து வைத்துவிட்டு, கலர் மட்டும் சிவப்பு வேண்டாம் என்றாள்.

லோன் வந்தது. செக்குகளில் கையெழுத்துப் போட்டுப் போட்டு, கடைசியில் என் கையெழுத்து எனக்கே யாருடையதோ போலத் தெரிந்தது. ஏஜெண்டு பக்கத்தில் உட்கார்ந்து, மேடம் முதல்ல போட்ட மாதிரியே போடுங்க என்று பதறிக்கொண்டிருந்தார். கார் நீலமாக வந்தது, யாருக்கும் வெற்றியில்லை. பழமலைநாதர் கோயில் வாசலில் பூசை போட்டு, சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, அதன்மேல் நானே காரை ஏற்றி நசுக்கினேன். அத்தை பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து வீடுவரை வந்தார். இவ்வளவுக்கும் காரணம் நான்தானே என்பது அவருடைய நியாயம்.

முதல் நாள் சேத்தியாத்தோப்பு ரோட்டில் என்னை டிராக்டர்கள் முந்தின. ஒரு சைக்கிள்காரர்கூட முந்தினார் என்று என் மாணவன் ஒருவன் காலேஜில் செய்தி பரப்பினான். போகட்டும். சாயங்காலம் லேபைப் பூட்டிவிட்டுக் காரில் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்தி, ஒரு நிமிஷம் சும்மா இருந்தேன். கூட்டுரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களைத் தாண்டி வந்தபோது சந்தோஷத்தில் ஹாரன் அடித்துவிட்டேன். அம்மா வாசலில் நிற்கவில்லை. உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். சனி, ஞாயிறுகளில் அப்பா அந்தக் காரில் ஃபியூஸ் கட்டைப் பெட்டிகளை ஏற்றிப் போனார். திங்கட்கிழமை நான் பின் சீட்டில், பெட்டிகளிலிருந்து சிந்திய வைக்கோல் பொறுக்கினேன்.

ஒரு வருஷம் போயிருக்கும். ஒருநாள் நான் காரை நிறுத்தும்போதே அத்தை ஓடி வந்தார். மறுபடியும் லோன்காரர் வந்து விசாரித்துவிட்டுப் போனார் என்றார். ஆள் வேறு, ஆனால் அதே மாதிரி ஷூ, அதே மாதிரி பை. இந்தத் தடவை நான் ஏமாறவில்லை, உள்ளது உள்ளபடி சொல்லிவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்தினார். எனக்குப் புரியவில்லை. ஒரு தவணைகூடத் தவறவில்லையே, எதற்கு ஆள் அனுப்புகிறார்கள்? ஏஜெண்டுக்குப் போன் செய்தேன். அவர் இப்போது கார் லோனை விட்டுவிட்டு இன்சூரன்சுக்கு மாறியிருந்தார். எனக்கு ஒரு பாலிசி விற்கப் பார்த்தார். நான் போனை வைத்துவிட்டேன்.

அடுத்த மாதம் சிதம்பரத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் பொண்ணு பார்க்க வந்தார்கள். ஒத்தாசைக்கு வந்திருந்த அத்தை பஜ்ஜித் தட்டோடு கூடத்துக்குள் நுழைந்தார். மாப்பிள்ளையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். தட்டை யாரிடமும் கொடுக்காமல் திரும்பி அடுப்படிக்குள் வந்து அம்மா கையைப் பிடித்துக்கொண்டார். காபி டம்ளர்களோடு நான் பக்கத்தில்தான் நின்றேன்.

“அண்ணி, அன்னைக்கு வந்த லோன்காரரு இவருதான். பெரியவங்க யாரும் வரமுடியாம இவரே ஆபீஸ்லேருந்து நேரா வந்து கேட்டிருக்காரு போல. நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன். வேலைய விடவே விடாது, அஞ்சு வருஷம் டியூ இருக்குது, தானே ஓட்டிக்கிட்டு இருட்டுனப்புறம்தான் வூட்டுக்கு வரும்னு சொன்னேன். வேலைய விட்டுடும்னு சொன்னதுக்கு என்னைய உண்டு இல்லன்னு ஆக்கிடுச்சு, அவ்ளோ கோவம் வரும்னுகூடச் சொல்லிட்டேன்.”

அத்தைக்கு மெதுவாகப் பேசி வழக்கமில்லை. கூடம் முழுக்கக் கேட்டது. அப்பா எதையோ சொல்லப்போய் இருமினார்.

“கேட்டுட்டுத்தாங்க வந்தோம்,” என்று மாப்பிள்ளையின் குரல் கேட்டது.

அம்மா என் கையிலிருந்த காபித் தட்டை வாங்கிக் கீழே வைத்தாள். கசங்கியிருந்த என் புடவைத் தலைப்பைச் சரி செய்தாள். பிறகு தட்டை எடுத்து மறுபடி என் கையில் கொடுத்து, போய்க் கொடு என்றாள்.